வெயிலுமுத்து வீட்டுக்கு அடியில் பத்துக் கிலோமீட்டர்

பூசணிக்குளத்துக்காரர்களிடம் ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது. சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள், அவ்வளவுதான். அந்த ஊருக்கு வந்த கஷ்டமெல்லாம் அதனால் வந்ததுதான்.

அந்த ஊர் வெயிலுமுத்துவுக்கு ஒரே மகள், பவளக்கொடி. எட்டு ஜாதகம் தட்டிப்போய், ஒன்பதாவதாகப் பக்கத்து ஊர் கல்லுமேட்டில் ஒரு மாப்பிள்ளை அமைந்திருந்தான். வெள்ளிக்கிழமை காலை முகூர்த்தம். இந்தக் கல்யாணம் மட்டும் குறையில்லாமல் நடந்துவிட்டால் போதும், அப்புறம் உலகமே ஆடினாலும் கவலையில்லை என்று வெயிலுமுத்து பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை காலை உலகம் ஆடியது.

பெரிய ஆட்டம் ஒன்றுமில்லை. நாலு விநாடி. டீக்கடை பெஞ்சில் இருந்த நாலு பேரும், பக்கத்தில் இருப்பவன் தள்ளுகிறான் என்று நினைத்து அடித்துக்கொண்டார்கள். தூங்கிக்கொண்டிருந்த தலையாரி, பெண்டாட்டி உலுக்குகிறாள் என்று நினைத்து, “எந்திரிச்சுட்டேன் தாயி” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

மறுநாள் ஜீப்பில் ஒரு ஆபீசர் கருவியோடு வந்தார். தெருத்தெருவாக வைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் வெயிலுமுத்து வீட்டு வாசலில், கல்யாணப் பந்தல்கால் பக்கத்தில் நின்று ஊரைக் கூப்பிட்டார்.

“பயப்படாதீங்க. இந்த வீட்டுக்கு நேர் கீழே, பத்துக் கிலோமீட்டர் ஆழத்துல, ரெண்டு பாறை உரசி நழுவியிருக்கு. ஆட்டம் அங்கதான் பிறக்குது. அதுக்கு நேர் மேல இருக்கிற இடம்தான் மையம். இங்கேருந்து, குளத்துல கல்லைப் போட்டா அலை போற மாதிரி, வட்ட வட்டமா நாலா பக்கமும் பரவும். தள்ளிப் போகப் போகப் பலம் குறைஞ்சிரும். இன்னும் ரெண்டொரு தடவை லேசா வரலாம். வந்தா வெட்டவெளிக்குப் போயிருங்க.”

ஜீப் கிளம்பிப் போனது. ஊர் முழுக்கத் திரும்பி வெயிலுமுத்துவைப் பார்த்தது.

சாயங்காலம் பஞ்சாயத்து கூடியது. பிரசிடெண்ட் அக்கினிச்சாமி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஏய்யா வெயிலுமுத்து, ஊர்ல இத்தனை இடம் கிடக்க, அதுக்கு நேர் மேல போயா வீட்டைக் கட்டுவ?”

“நான் எங்க கட்டுனேன்? எங்க தாத்தா கட்டுனது.”

“அவரைக் கூப்பிடு.”

“அவரு செத்து நாப்பது வருஷமாச்சு.”

“விசாரணைன்னு வந்தா எல்லாரும் சொல்ற சாக்குதான் இது,” என்றார் பிரசிடெண்ட்.

கிணறு வெட்டும் ஒய்யப்பன் எழுந்தான். கடப்பாரையோடு கீழே இறங்கி அந்த இரண்டு பாறைகளையும் விலக்கி வைத்துவிட்டால் தீர்ந்தது என்றான். கையோடு போய் வெயிலுமுத்து வாசலில் இடுப்பளவுக்குத் தோண்டினார்கள். பிறகு கணக்குப் பார்த்ததில், பத்துக் கிலோமீட்டரில் ஒரு இடுப்புதான் கழிந்திருந்தது. முகூர்த்தத்துக்குள் முடியாது என்று குழியை மூடினார்கள்.

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் தவசிக்குத்தான் சரியான யோசனை தோன்றியது.

“அலை மாதிரி பரவுதுன்னுதான சொன்னாரு? பரவுறதை அடைக்க நமக்குச் சொல்லித் தரணுமாக்கும்? வீட்டைச் சுத்தி வரப்புப் போட்டா நடுக்கம் எப்படித் தாண்டும்?”

ஊரே அசந்துபோனது. இருட்டுவதற்குள் வெயிலுமுத்து வீட்டைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு வரப்பு எழும்பியது. அப்போதுதான் தவசிக்கு இன்னொன்று உறைத்தது.

“முழுசா அடைச்சா உடைச்சுக்கிட்டுப் போகும். ஒரு மடை வைக்கணும்.”

“எந்தப் பக்கம்?”

“கல்லுமேட்டுப் பக்கம் வை. போன பொங்கலுக்குக் கபடில நம்மள என்ன பாடு படுத்துனாங்க!”

“ஐயோ, அது சம்பந்தி ஊருய்யா!” என்று வெயிலுமுத்து அலறினார்.

“சம்பந்தி ஊரா? நல்லதாப் போச்சு,” என்றார் பிரசிடெண்ட். “சீர்வரிசையோட சேர்த்துரு.”

வியாழக்கிழமை முழுவதும் வெயிலுமுத்து வீடு வீடாக ஏறி இறங்கினார். “எம்மக கல்யாணம்யா, வராம இருந்துராதீங்க” என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். வராமல் இருப்போமா என்று அத்தனை பேரும் சத்தியம் செய்தார்கள்.

சொன்னபடி வந்தார்கள். ஆனால் மையத்துக்கு வரவில்லை. வீட்டிலிருந்து தள்ளி, காட்டிலும் மேட்டிலும் வட்ட வட்டமாக இலை போட்டு உட்கார்ந்து காலைப் பலகாரம் கேட்டார்கள். தூரமான இடம்தான் நல்ல இடம் என்பதால் மரியாதைப்பட்டவர்களை எல்லாம் தூரத்தில் வைத்தார்கள். தாய்மாமனுக்கு முக்கால் மைலில் இடம் கிடைத்தது. தன்னை வேண்டுமென்றே கிட்டத்தில் உட்காரவைத்து அவமானப்படுத்திவிட்டார்கள் என்று ஒரு பெரியப்பா இலையைச் சுருட்டிக்கொண்டு நூறு அடி பின்னால் போனார். பிரசிடெண்டின் இலை ஊர் எல்லையில் இருந்தது. அவருக்குச் சாம்பார் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது.

“அங்க கொதிச்ச சாம்பார் இங்க வரும்போது ஆறிப்போச்சு பாத்தியா?” என்றார் அவர், பக்கத்தில் இருந்தவரிடம். “தள்ளிப் போகப் போகப் பலம் குறையும்னு ஆபீசரு சும்மாவா சொன்னாரு!”

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வேன்களில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா திருமேனி வரப்பைத் தாண்டி வந்து பந்தலைப் பார்த்தார். பந்தலில் ஐயரும் மேளக்காரர்களும் ஒரு ஆடும் இருந்தார்கள்.

“என்ன சம்பந்தி, உங்க ஆளுக ஒருத்தரையும் காணோம்? ஊரே ஒதுக்கி வச்ச குடும்பமா? அப்படின்னா இப்பவே சொல்லிருங்க, வண்டியத் திருப்பிருறோம்.”

ஒன்பதாவதும் போய்விட்டால் பத்தாவது ஜாதகத்துக்கு வெயிலுமுத்து எங்கே போவார்? அடுப்படிச் சுவரைத் தாண்டிக் கையை நீட்டி, “அந்தா, அந்தா, எல்லாரும் இருக்காங்க சம்பந்தி, இட நெருக்கடி” என்றார். பிறகு வட்டம் வட்டமாக ஓடி, கெட்டிமேளம் கேட்டதும் இருந்த இடத்திலேயே எழுந்து அட்சதை தூவும்படி எல்லோர் கையிலும் ஒரு பிடி அரிசியைத் திணித்துவிட்டு வந்தார்.

முகூர்த்த நேரம் வந்தது. ஐயர் கையைக் காட்ட, இரண்டு தவிலும் சேர்ந்து முழங்கின.

முதல் வட்டத்தில் இருந்த தவசி தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். “ஆட்டம் பிறந்திருச்சுடோய்!” என்று கத்தினான்.

முதல் வட்டம் அரிசியை வீசிவிட்டு எழுந்து ஓடியது. அறுபது பேர் ஓடிய ஓட்டத்தில் இரண்டாவது வட்டத்துக்கு அடியில் தரை நிஜமாகவே அதிர்ந்தது. அவர்களும் எழுந்து ஓடினார்கள். அடுத்தது மூன்றாவது வட்டம், அப்புறம் தாய்மாமன். ஊரை விட்டு வெளியே போக இருந்த ஒரே ரோடு கல்லுமேட்டு ரோடு என்பதால், மடை பார்த்த பக்கமே பூசணிக்குளம் பூராவும் புழுதியாகப் போனது.

தாலி கட்டி நிமிர்ந்த மாப்பிள்ளை வாயைப் பிளந்தான். “எங்க சம்பந்தி ஓடுறாங்க?” என்றார் திருமேனி.

வெயிலுமுத்து பிறந்ததிலிருந்து ஒரு பொய்யும் யோசித்துச் சொன்னவரில்லை. அன்றைக்குப் பெற்ற பாசம் வழிகாட்டியது.

“எங்க ஊர் வழக்கம் சம்பந்தி. தாலி ஏறுனதும் பக்கத்து ஊருக்கெல்லாம் ஓடிப்போய்ச் சொல்லிட்டு வந்துதான் பந்தில உக்காருவாங்க.”

“நல்ல வழக்கமா இருக்கே!” என்று திருமேனி நெகிழ்ந்துபோனார். “அப்ப அவங்க வந்து உக்காராம நாங்க யாரும் கை நனைக்க மாட்டோம்.”

முந்நூறு பேருக்குச் சமைத்த சோறு காத்திருந்தது. வெயிலுமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஊரைத் துரத்தினார். மூன்று மைல் ஓடி, கல்லுமேட்டு டீக்கடையில் பிடித்துவிட்டார். இந்தத் தூரத்துக்குப் பலம் முழுவதும் குறைந்திருக்கும் என்று தீர்மானித்து, எல்லோரும் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“வாங்கய்யா, பந்தி காத்துக் கிடக்கு!”

பிரசிடெண்டின் கையில் இருந்த கிளாஸ் அப்படியே நின்றது. “இரு. மையம் எது?”

“எங்க வீடு.”

“யாரு வீடு?”

“என் வீடுதான்.”

“நீ இங்க நிக்கிற. நீயில்லாத வீடு எப்படிய்யா உன் வீடாகும்? மையம் நம்ம பின்னாலயே நடந்து வந்திருச்சுடோய்!”

டீக்கடை காலியாயிற்று. பின்னாலேயே புறப்பட்ட வெயிலுமுத்துவைப் பார்த்து, “வராத! நீ அங்கேயே இரு!” என்று பிரசிடெண்ட் ஓடிக்கொண்டே கையெடுத்துக் கும்பிட்டார். வெயிலுமுத்து நின்று யோசித்துப் பார்த்தார். அவரும் பூசணிக்குளத்துக்காரர்தானே, அதில் ஒரு பிழையும் அவருக்குத் தெரியவில்லை.

ஓடிய ஊர் நேராக, மையம் விலகிப்போன வெயிலுமுத்து வீட்டுக்குள் போய்ச் சம்பந்தி வீட்டாரோடு தோளுரசி உட்கார்ந்து, மூன்று தரம் பாயசம் வாங்கிச் சாப்பிட்டது. இப்படியொரு ஒற்றுமையான ஊரைப் பார்த்ததில்லை என்று திருமேனி கண் கலங்கினார். கல்யாணத்தில் ஒரு குறையும் இல்லை.

சாயங்காலம் கல்லுமேட்டில் பவளக்கொடி புகுந்த வீட்டு வாசலுக்கு வந்து நின்றபோது, நடுக்கூடத்தில் அவளுடைய அப்பா அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“என்னப்பா, எனக்கு முந்தி நீங்க வந்துட்டீங்க? சாப்பிட்டீங்களா?”

“சத்தமாப் பேசாதம்மா,” என்றார் வெயிலுமுத்து, உதடு மட்டும் அசைய. “வலது காலை மெதுவா எடுத்து வச்சு வா. பாறை ரெண்டும் இப்ப எனக்கு நேர் கீழதான் இருக்கு.”