தட்டாமல் ஆடிய ஆட்டம்

தேனீக்கள் எல்லாம் பிரியாமல் ஒரே மரத்தில் குடியிருந்து, வாய்விட்டுப் பேசிக்கொண்டும் இருந்த அந்தக் காலத்தில், தும்பை என்ற சின்னத் தேனீ தன் அக்கா நெருஞ்சியைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு கோடைக் காலையில். நெருஞ்சி வயிற்றில் ஒரு துளித் தேனோடு மேற்கே பறந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பூவுக்குப் போகிறவர்கள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அவர்கள் இருந்தது காய்ந்த ஆற்றின் கரையில், மேற்கே நன்றாகச் சாய்ந்து நின்ற ஒரு மருதமரத்தில். எந்தப் பூவில் முதன்முதலாகத் தேன் குடித்தார்களோ அந்தப் பூவின் பெயர்தான் அவர்களுக்கு. ஆவாரை என்று ஒருத்தி இருந்தாள். அவள்தான் ஆட்டத்தை உண்டாக்கினாள். ஆயிரம் சிறகு இரைகிற இடத்தில் வாய்ப்பேச்சு யார் காதில் விழும்? அதனால் பூவைக் கண்டு வந்தவள் மரத்தின் மேல் உடம்பை உதறிக்கொண்டு ஓடிக் காட்டினாள். ஓடும் திசையில் பூ. எவ்வளவு நேரம் உதறுகிறாளோ அவ்வளவு தூரம்.

ஆவாரை அதைத் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. "யாரும் கத்துக்கலாம், யாரும் மாத்தலாம். மாத்தினா மட்டும், ஆடுறதுக்கு முன்னால காலால மூணு தட்டுத் தட்டிச் சொல்லிடுங்க" என்றாள். தட்டினால் மரப்பட்டையில் நிற்கும் எல்லாக் கால்களுக்கும் தெரிந்துவிடும். இதைச் சொன்ன வருடமே அவள் செத்துப்போனாள்.

பிறகு வேங்கை அந்த ஆட்டத்தை மாற்றினாள். வேங்கை பெரிய உடம்புக்காரி, எட்ட எட்டப் பறக்கிறவள். செங்குத்தான பாறையில் கூடு கட்டினால் பூவின் திசையில் ஓடிக் காட்டத் தரை ஏது? அதனால் அவள் ஆட்டத்தில் மேல்நோக்கி ஓடினால் சூரியன் இருக்கும் பக்கம் என்று பொருள். நல்ல மாற்றம்தான். நுணா என்பவள் பழைய ஆட்டத்தில் ஓர் உதறலைக்கூட மாற்ற விடமாட்டேன் என்று நின்றாள். வேங்கை தட்டினால் போதும், நுணாவின் ஆட்கள் எழுந்து போய்விடுவார்கள்.

மாலையானால் கூட்டில் தேனைப் பற்றிப் பேச்சே இல்லை. "இன்னைக்கு உன் பின்னால எத்தனை பேர்?" என்பதுதான் பேச்சு.

"சுவர் ஏறுற ஆட்டத்தைப் பல்லிக்குக் கத்துக்கொடுங்கடி" என்பார்கள் நுணாவின் ஆட்கள்.

"உங்க ஆட்டம் இன்னும் தவழுதே, எப்ப நடக்கும்?" என்பார்கள் வேங்கையின் ஆட்கள்.

மற்ற யாரும் ஒரே பக்கத்தில் நிலைத்திருக்கவில்லை. இன்று இங்கே நிற்பவர்கள் நாளை அங்கே நின்றார்கள். நெருஞ்சிக்கு இரண்டு ஆட்டமும் தெரியும். தும்பை எந்தப் பக்கமும் போகாமல், கூட்டின் விரிசல்களுக்குப் பிசின் பூசிக்கொண்டிருந்தாள்.

அந்தக் கோடையில் நாற்பது நாள் எந்தப் பூவும் பூக்கவில்லை. கூட்டுத் தேன் அடிக்குப் போய்விட்டது. வெளியே போகிறவளுக்குப் போகும் வழிக்கு ஒரு துளி மட்டும் கொடுத்தார்கள். திரும்பி வருவதற்குப் பூவில் குடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஒருநாள் காலை, வேங்கை கிழக்கே புங்க மரங்கள் பூத்திருப்பதைக் கண்டுவிட்டு வந்தாள். அவள் கால்களில் மகரந்தத்தைப் பார்த்ததும் கூடு முழுவதும் அவள் பின்னால் ஓடி வந்தது, நுணாவின் ஆட்களும் சேர்ந்து. அவ்வளவு பேர் தன் பின்னால் நின்று அவள் பார்த்ததே இல்லை. தட்டுவதற்குக் காலைத் தூக்கினாள். தூக்கிய கால் அப்படியே நின்றது. பிறகு தட்டாமலே கீழே வைத்துவிட்டு, மரத்தின் மேல்நோக்கி உதறிக்கொண்டு ஓடினாள்.

அவள் ஆட்டத்தின்படி, மேலே என்றால் சூரியன். காலையில் சூரியன் கிழக்கே. பழைய ஆட்டத்தின்படி, மேற்கே சாய்ந்த மரத்தில் மேலே ஓடினால் மேற்கு.

"அக்கா, தட்டினாளா?" என்று கேட்டாள் தும்பை.

"என் காலுக்கு ஒண்ணும் தெரியலை. அப்பப் பழைய ஆட்டம்தான். மேற்கு."

"மேற்கே வெறும் பொட்டலாச்சே."

"அதனாலதான் இத்தனை நாள் யாரும் போய்ப் பார்க்கலை போல. வரும்போது உனக்கு வாய் நிறையக் கொண்டாரேன். அதுவரைக்கும் பிசினை நக்கிட்டு இருக்காதே."

வேங்கையின் ஆட்கள் தட்டைப் பார்க்காமல், எப்போதும்போல அது அவள் ஆட்டம்தான் என்று கிழக்கே போய், உச்சிப் பொழுதுக்குள் தேனோடு வந்துவிட்டார்கள். மேற்கே போனவர்கள் இருநூறு பேர். ஒருத்தியும் வரவில்லை.

தும்பையால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. கிழக்கிலிருந்து வந்த தேனையே வயிறு முட்டக் குடித்துவிட்டு மேற்கே கிளம்பினாள். போகிற வழியில் கல்லுக்குக் கல் இறங்கி, எச்சிலும் பிசினும் கலந்து ஒரு துளி வைத்தாள். தனக்கு வழி தவறக் கூடாது, அக்கா எதிரே வந்தால் அவளுக்கும் தவறக் கூடாது.

பொட்டலின் நடுவில் ஒரு தட்டைப் பாறை இருந்தது. இருநூறு பேரும் அதன் மேல் கிடந்தார்கள். பாறையில் படிந்திருந்த புழுதியில், நெருஞ்சியின் உடலுக்குப் பக்கத்தில், ஆடிய தடம் தெரிந்தது. கோடு நேராக மருதமரத்தைக் காட்டியது. வீட்டுக்கு வழி தெரிந்திருக்கிறது. பறக்க ஒரு துளி யாரிடமும் இல்லை.

தும்பை தான் வைத்த துளிகளை முகர்ந்து முகர்ந்து திரும்பி வந்தாள். கூட்டில் அப்போதும் சண்டை ஓயவில்லை.

"கிழக்கே பூ இருந்துச்சா இல்லையா? என் ஆட்டம் பொய்யா?" என்றாள் வேங்கை.

"தட்டாம ஆடினவ பேசாதே" என்றாள் நுணா.

தும்பை வேங்கையின் முன்னால் போய் நின்றாள். "ஏன் தட்டலை?"

வேங்கை சிறகை மடக்கிக்கொண்டாள். "தட்டினாப் பாதிப் பேர் எழுந்து போயிருவாங்க."

தும்பை நுணாவிடம் திரும்பினாள். "நீ வாசல்லதானே இருந்தே. அவ எந்தப் பக்கமிருந்து வந்தான்னு பார்த்தியா?"

"பார்த்தேன்."

"கிழக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"தட்டாம ஆடினா என்ன ஆகும்னு எல்லாருக்கும் தெரியட்டும்னு இருந்தேன். இவ்வளவு ஆகும்னு நினைக்கலை."

தேனீக்கள் வாய்விட்டுப் பேசியது அதுதான் கடைசி. பொழுது சாய்வதற்குள் வேங்கை தன் ஆட்களோடு மலைப்பாறைக்குப் போனாள். நுணா ஒரு புதரின் கொம்பைத் தேடிப் போனாள். வேங்கையின் ஆட்டம் பிடித்து, வேங்கையைப் பிடிக்காத சிலர், அந்த ஆட்டத்தை எடுத்துக்கொண்டு ஒரு மரப்பொந்துக்குள் புகுந்தார்கள். தும்பையும் அவளோடு பிசின் பூசிய சிறியவர்களும் ஒரு சுவர் விரிசலில் ஒண்டினார்கள்.

அந்த ஒரு நாள்தான் இத்தனைக்கும் காரணம். மலைத்தேனீயும் பொந்தில் வாழும் அடுக்குத்தேனீயும் இன்றைக்கும் மேலே ஓடிச் சூரியனைக் காட்டுகின்றன. கொம்புத்தேனீ கூட்டின் மேல்தட்டில் பூவின் திசையிலேயே ஓடிக் காட்டுகிறது. ஒன்றின் ஆட்டத்தைப் பார்த்து இன்னொன்று பூவுக்குப் போவதில்லை. கொசுத்தேனீ என்று நாம் சொல்லும் தும்பையின் வழி வந்தவை ஆடுவதே இல்லை. பூவைக் கண்டதும், திரும்பும் வழியெல்லாம் கல்லிலும் இலையிலும் ஒரு துளி வைத்துக்கொண்டே வருகின்றன.

அந்தத் துளி அடுத்த மழை வரைக்கும் இருக்கும்.