எந்தப் படகு, சாமி?

"எந்தப் படகை வாங்கட்டும் சாமி?" என்று கேட்டான் அஞ்சப்பன்.

கேட்பது முதல் தடவை இல்லை. ஒரு வாரமாகத் தினமும் வந்து இதையேதான் கேட்கிறான்.

சாமி டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

சாமியின் ஊர், பேர் யாருக்கும் தெரியாது. கரையில் கிடந்த ஒரு பழைய படகுக்குள் பாய் விரித்து, மேலே தார்ப்பாய் கட்டிக் குடியிருந்தார். அஞ்சப்பன் வயதுதான் அவருக்கும். புத்தி கேட்டு வருகிறவர்கள் மேல் எரிந்து விழுவார். அப்படியும் வந்தார்கள்.

"செங்கேணி விக்கிற போட்டு அகலம் சாமி. அலையில அசையாது. ஆனா கனம். தணிகாசலம் போட்டு லேசு. ஒத்த ஆளாத் தள்ளிடலாம். ஆனா அலை உடையிற எடத்துல சட்டுனு கவுந்துடும். எதுன்னு இன்னிக்குச் சொல்லலன்னா ரெண்டையும் வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

"உம் பொண்டாட்டி என்ன சொல்றா?"

"லேசானதுல போனா பொணமாத்தான் வருவன்னு சொல்றா."

"அப்புறம் என்னய்யா? கனமானத வாங்கு."

"அதை ஒத்த ஆளாத் தள்ள முடியாதே சாமி."

"ஏன் ஒத்த ஆளு?"

அஞ்சப்பன் மணலைப் பார்த்தான்.

அது துறைமுகம் இல்லாத கரை. படகு இறங்குவதும் ஏறுவதும் மணலில்தான். யார் படகு வந்தாலும் கரையில் நிற்கிறவர்கள் போய்த் தோள் கொடுப்பார்கள். கூப்பிடக்கூட வேண்டாம்.

போன ஐப்பசியில் தம்பி மாசிலாமணியின் படகு பெரிய அலையில் மாட்டிக்கொண்டு வந்தபோது, அஞ்சப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். வலை காயப்போடும் இடத்துக்காக முந்தின நாள் இருவருக்கும் சண்டை. நல்ல மனுஷன்தான், அன்றைக்கு அவனுக்கு என்ன கேடு வந்ததோ. படகு புரண்டது. தம்பிக்கு விலா எலும்பு முறிந்தது.

அதற்குப் பிறகு அஞ்சப்பனை யாரும் தங்கள் படகில் ஏற்றவில்லை. கடலுக்குப் போகாமல் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால்தான் சொந்தப் படகு.

"வெயில் ஏறுது," என்றார் சாமி. "என் வீட்ட அந்தப் பூவரச மரத்தடிக்குத் தள்ளு."

அஞ்சப்பன் குதிகாலை மணலில் ஊன்றித் தள்ளினான். படகு அசையவில்லை.

"நீங்க எறங்குனா கொஞ்சம் கனம் குறையும் சாமி."

"எறங்க மாட்டேன்."

"பாயையாவது எடுத்துடட்டா?"

"தொடாத."

மறுபடி தள்ளினான். மூச்சு வாங்கியது.

"நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. தெரியலன்னா தெரியலன்னு சொல்லிடுங்க சாமி!"

"ஒரு வாரமா என் உசிர வாங்குற. இதுல உனக்குக் கோவம் வேற."

சாமி தார்ப்பாயை அவிழ்த்துச் சுருட்டினார். மொட்டை வெயிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நெற்றியில் வேர்வை வழிந்தது.

"ஆளக் கூப்பிடு."

"நான் கூப்பிட்டா யாரும் வரமாட்டாங்க."

"அப்ப ஒரு தெர்மாகோல் பலகைய வாங்கிக்க. கக்கத்துல இடுக்கிட்டுப் போலாம். யார் தயவும் வேணாம்."

அஞ்சப்பனுக்கு ஆத்திரம் பொங்கியது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

அப்போது கரையில் கூச்சல் எழுந்தது. மாசிலாமணியின் படகு வந்துகொண்டிருந்தது. காற்று வலுத்திருந்தது. அலை படகைப் பக்கவாட்டில் திருப்பியது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து ஓடினார்கள். அவர்கள் இருந்தது தூரத்தில்.

அஞ்சப்பன் திரும்பிச் சாமியைப் பார்த்தான்.

சாமி அவனைப் பார்க்கவில்லை. டீ டம்ளரைக் கவிழ்த்து மணலைத் தட்டிக்கொண்டிருந்தார்.

துண்டு கீழே விழுந்தது. அஞ்சப்பன் ஓடினான். இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் படகின் மூக்கில் தோளை வைத்தான். அடுத்த அலை அவன் தலைக்கு மேல் போனது. தோளை எடுக்கவில்லை. படகு நேராகி மணலில் முட்டியது.

மாசிலாமணி குதித்து இறங்கினான். விலாவைப் பிடித்துக்கொண்டு அண்ணனைப் பார்த்தான்.

"இன்னும் வலிக்குதாடா?"

"காத்து குளிர்ந்தா வலிக்கும்."

"தப்புப் பண்ணிட்டேன்டா. அன்னிக்கு நான் வந்திருக்கணும்."

மாசிலாமணி படகின் பக்கவாட்டில் கையை வைத்தான்.

"அடுத்த அலை வருது. தள்ளுண்ணே," என்றான்.

மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். படகு மேட்டுக்கு ஏறியது. யாரும் அஞ்சப்பனைப் போகச் சொல்லவில்லை.

"டேய்! எவனாவது வந்து என்னை நிழலுக்குத் தள்ளுங்கடா! மண்டை காயுது!" என்று சாமி கத்தினார்.

எல்லோரும் சிரித்துக்கொண்டே போனார்கள். அஞ்சப்பன் பின்பக்கம் தோள் கொடுத்தான். பக்கத்தில் வந்து நின்றது மாசிலாமணி. பழைய படகு மணலைக் கீறிக்கொண்டு நகர்ந்தது.

"மெதுவா! பாய் சரியுது!" என்று உள்ளேயிருந்து சாமி திட்டினார்.

மாசிலாமணி முகத்தைத் திருப்பாமலே கேட்டான்.

"போட்டு வாங்கப் போறியாமே. எது?"

"கனமானது," என்றான் அஞ்சப்பன்.