டீன் கிளப்பில் ஓர் இடம்

சென்னையிலிருந்து உல்லாசக் கப்பல் கிளம்பியதுமே தொழிலதிபர் தண்டபாணி மகனை இழுத்துக்கொண்டு பிள்ளைகள் கிளப் வாசலுக்கு வந்துவிட்டார். அங்கே நின்ற பணிப்பெண் எஸ்தர் வேலைக்குப் புதிது.

"இவனைப் பெரிய பசங்களோட டீன் கிளப்ல சேர்த்துக்க. சின்னப் பசங்களோட என் மகன் உட்கார மாட்டான்."

"தம்பிக்குப் பத்து வயசுதானே சார். அங்கே பதிமூணு ஆகணும்."

"அறிவுல அவனுக்குப் பதினஞ்சு. கேப்டன் எனக்கு வேண்டியவர். முடியாதுன்னா அடுத்த துறைமுகத்துல நீ மூட்டையைக் கட்டவேண்டியதுதான்."

இதற்குள் பையன் கையை உதறிக்கொண்டு லிஃப்ட் பக்கம் ஓடினான். தண்டபாணி மூச்சிரைக்கத் துரத்திப் பிடித்து வந்தார். பின்னால் வரிசை பொறுமையிழந்து நெளிந்தது.  ஆனாலும் எஸ்தர் பணிவாகவே சொன்னாள்.

"சேர்த்துடறேன் சார். ஆனா டீன் கிளப்ல யாரையும் பிடிச்சு வைக்க மாட்டோம். தம்பி நினைச்சப்போ வெளியே போகலாம், கப்பல் முழுக்க நீங்கதான் தேடிக்கணும். சின்னவங்க கிளப்னா, நீங்க வந்து கூப்பிடற வரைக்கும் கதவைத் திறக்க மாட்டோம்."

தண்டபாணி எதிரே இருந்த சீட்டாட்ட அறையைப் பார்த்தார். நண்பர்கள் அவருக்காக நாற்காலி போட்டுக் காத்திருந்தார்கள்.

"பத்துகூட இன்னும் முடியலைம்மா," என்றார் மெல்ல. "பச்சைக் குழந்தை."