கடைமடைத் தண்ணீர்

உச்சி வெயிலில், தோளில் மண்வெட்டியோடு சவரியப்பன் மாதா கோயிலுக்கு வந்தார். அவருக்கு அறுபது வயது. அவர் குருவாக நினைக்கும், கோயிலில் வேதம் வாசிக்கும் உபதேசியார் மரியசூசைக்கு நாற்பத்தைந்துதான். ஞானத்துக்கு வயசு பார்த்தால் ஆகுமா?

“உபதேசியாரே, ஒரு சந்தேகம்.”

“கேளுங்கண்ணே.”

“வேதத்துல ஒரு தம்பி வருவானே. அண்ணன்மார் குழியில தள்ளி, வித்தும் போட்டாங்க. பின்னால பஞ்சம் வந்து, அவன்கிட்டயே தானியத்துக்கு வந்து குனிஞ்சு நின்னாங்க. அப்ப அவன் தனியாப் போயி அழுதான்னு வாசிச்சீங்க. அழவேண்டியது அவங்கதானே? இவன் ஏன் அழுதான்?”

உபதேசியார் மண்வெட்டியைப் பார்த்தார். அதில் ஈரமே இல்லை.

“உங்க அண்ணன் வயலுக்கு மடை திறந்தாச்சா?”

சவரி தலையைக் குனிந்துகொண்டார்.

நாற்பது வருஷத்துக்கு முன்பு அண்ணன் அருளப்பன், வெற்றுத் தாளில் தம்பி சவரியின் கைநாட்டை வாங்கி, அவர் பங்கு நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு விரட்டிவிட்டார். ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கண்மாய்ப் பாசனத்தில் கையளவு நிலம்கூட இல்லாதவர்தான் நீர்ப்பாய்ச்சியாக இருக்கலாம். சொந்த வயல் இருந்தால் கை தன் பக்கம் சாயும் என்ற பயம். நிலம் பறிபோனதால்தான் சவரி நீர்ப்பாய்ச்சி ஆனார். வறண்டுபோன இந்த வருஷத்தில் எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் என்பது அவர் வாய்ச்சொல்.

அண்ணன் வயல் கடைமடையில், தண்ணீர் கடைசியாகப் போகிற இடத்தில் இருந்தது. பயிர் பால் பிடிக்கும் நேரம். இன்றைக்குள் தண்ணீர் போகாவிட்டால் அத்தனையும் பதர்.

“மூணு நாளா வந்து நிக்கிறாரு. நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்கன்னு அனுப்பிட்டேன்.”

“எப்படிக் கேட்டாரு?”

“துண்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, ‘ஐயா, கொஞ்சம் மனசு வைக்கணும்’னாரு. பொய் சொல்லல உபதேசியாரே, மொத நாள் வெல்லமா இனிச்சுச்சு.”

“இன்னைக்கு?”

“இன்னைக்கு இனிக்கல.”

உபதேசியார் எழுந்தார். தன் தோள்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார். கைகட்டிக் குனிந்து நின்றார்.

“ஐயா உக்காரணும்.”

“என்ன விளையாட்டு இது?”

“ஐயா சொன்னாச் சரி.”

“எப்பவும்போல அண்ணேன்னு கூப்பிடுங்க.”

“ஐயா உத்தரவு.”

சவரிக்கு முகம் கோணியது. பாவம், எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

“போதும் உபதேசியாரே. யாரோ மூணாம் மனுசன்கிட்டப் பேசுற மாதிரி இருக்கு.”

உபதேசியார் துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டார்.

“அண்ணன்மார் அத்தனை பேரும் அவன் காலடியில கெடந்தப்ப, அவனைத் தம்பின்னு கூப்பிட அங்க ஒருத்தரும் இல்லண்ணே.”

சவரி மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க் கரையைப் பார்த்து ஓடினார். அறுபது வயது ஆள் அப்படி ஓடி அந்த ஊர் பார்த்ததில்லை.

பொழுது சாயும்போது முழங்கால் வரை சேற்றோடு திரும்பி வந்தார்.

“தண்ணி சேந்துச்சா?”

“சேந்துருச்சு. பயிர் பொழைச்சுக்கிடும்.”

“அண்ணன்?”

“வரப்புல நின்னு அழுதாரு. நான் போயி அண்ணேன்னு கூப்பிட்டேன். அவரு கையெடுத்துக் கும்பிட்டு, ‘நல்லாருக்கணும் ஐயா’ன்னுட்டாரு.”

சவரி கோயில் படியில் உட்கார்ந்தார்.

“இன்னமும் என்னப் பாத்துப் பயப்படுறாரு. நான் என்னதான் செய்ய?”

“மடையைத் திறந்ததும் கடைமடைக்குத் தண்ணி போயிருச்சாண்ணே?”

“அதெப்படிப் போகும்? காஞ்சு கெடந்த வாய்க்கால் மொதல்ல குடிக்கும். அது குடிச்சு அடங்குனாத்தான் கடைமடைக்கு.”

“அதுவரைக்கும் நீங்க என்ன செஞ்சீங்க?”

“மடையை மூடாம நின்னேன்.”

“அண்ணன்கிட்டயும் அப்படியே நில்லுங்கண்ணே.”