குதிரையின் மூச்சும் தளவாயின் மூச்சும்

முன்னொரு காலத்தில், மழையும் வெயிலும் சொன்ன சொல் கேட்ட காலம் அது, செங்காட்டுச் சீமையைக் குமாரகண்டன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் கோபம் வந்தால் தலை கேட்பான், சிரிப்பு வந்தால் கிராமம் கொடுப்பான். இரண்டில் எது முதலில் வரும் என்று அவனுக்கே தெரியாது.

அவனுக்கு மந்திரி சொக்கப்பன். ஆள் ஒல்லி, புத்தி கனம். சேனைக்குத் தளவாய் பூபதி. ஆனையை மறித்த வீரன் என்று தன் வாயாலேயே சொல்லிக்கொள்வான். ராஜா மந்திரி பக்கம் திரும்பிச் சிரித்துவிட்டால் போதும், அன்றைக்குத் தளவாய்க்குச் சோறு இறங்காது.

ஒருநாள் ராஜா தன் வெள்ளைக் குதிரையில் தேர்வீதியில் பவனி வந்தான். மேளம் என்ன, கொம்பு என்ன! நாலு வீடு தாண்டியிருக்காது, வயிற்று வார் நழுவிச் சேணம் சரிந்தது. ராஜாவும் சரிந்தான். சரிந்து சரிந்து, குதிரைக்கு மேலே இருந்தவன் குதிரைக்குக் கீழே தொங்கினான்! கிரீடம் உருண்டு போய் மோர்க்காரி பானைக்குள் தொபுக்கென்று விழுந்தது. ஊரே வாயைப் பொத்திக்கொண்டது.

"சேணம் கட்டினவன் எவன்?" என்று கத்தினான் ராஜா.

"லாயத்துப் பொன்னன், மகாராஜா," என்றான் தளவாய். "மந்திரியார்தான் அவனை வேலைக்குச் சேர்த்தார்."

"எடு அவன் தலையை!"

சொக்கப்பன் ஓடி வந்து கும்பிட்டான். "மகாராஜா, வார் ஏன் நழுவியது என்று தெரியாமல் தலையை எடுத்தால், அடுத்த பவனியிலும் நழுவுமே! அமாவாசை வரை தவணை கொடுங்கள். நழுவாத வார் கட்டிக் காட்டுகிறேன்."

"மந்திரியாருக்குக் கதை கட்டத் தெரியும். வார் கட்டத் தெரியுமா?" என்று இளித்தான் தளவாய்.

"சரி, தந்தேன்," என்றான் ராஜா. "மறுபடி நழுவினால் பொன்னன் தலையும் போகும், உன் பதவியும் போகும்!"

மந்திரி நேரே லாயத்துக்குப் போனான். பொன்னன் கண்ணைத் துடைத்துக்கொண்டே வாரை இழுத்துக் கட்டினான். அவன் இழுக்கும்போது குதிரை என்ன செய்தது தெரியுமா? மூச்சைப் பிடித்து வயிற்றைத் தவில் மாதிரி உப்பிக்கொண்டது! முடிச்சுப் போட்டுக் கையை எடுத்ததும் 'புஸ்ஸ்' என்று மூச்சை விட்டது. வார் தொளதொளவென்று தொங்கியது.

"அடி கள்ளி!" என்றான் மந்திரி. "பொன்னா, இது உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சாமி. இங்கே எத்தனை தடவை இழுத்தாலும் உப்பிக்கும், ராசா ஏறி ரெண்டடி நடந்ததும் மறுபடி இழுக்கணும். ஆனா ராசா ஏறின பிறகு குதிரையைத் தொட்டா கையை வெட்டுவேன்னு தளவாய் உத்தரவு. மரியாதைக் குறைச்சலாம்."

யாரும் தொடக்கூடாது என்றால், மேலே உட்கார்ந்திருக்கிற ராஜாதான் இழுக்க வேண்டும். ராஜாவுக்கு முடிச்சுப் போடத் தெரியுமா? இழுத்தது இழுத்த இடத்திலேயே நிற்க வேண்டுமே! இதையே நினைத்துக்கொண்டு புல்வெளியில் நடந்தான் சொக்கப்பன். வேட்டியில் ஒரு புல்லின் கதிர் ஏறிக்கொண்டது. கீழே இழுத்தான், துணியைக் கவ்வியது. மேலே தள்ளினான், வழுக்கிக்கொண்டு போனது. கீழே, கவ்வியது. மேலே, வழுக்கியது.

"ஆகா!" என்று ஒரு குதி குதித்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லன் பட்டறைக்கு ஓடினான் பாருங்கள், நாயெல்லாம் துரத்தியது!

அமாவாசையன்று சபை கூடியது. பொன்னனைக் காவலர் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். மந்திரி ஒரு தோல் வாரை நீட்டினான். நுனியில் ஓர் இரும்புச் சட்டம், அதற்குள் சாய்ந்த பல் ஒன்று. "வாரை இதற்குள் விட்டு இழுத்தால் வரும், மகாராஜா. திரும்பப் போகப் பார்த்தால் பல் கவ்வும்."

தளவாய் எழுந்தான். "ஆனையை மறித்தவன் நான்! என் வயிற்றில் கட்டு. நழுவுகிறதா இல்லையா பார்ப்போம்."

கட்டும்போது தளவாய் ரகசியமாக மூச்சைப் பிடித்து வயிற்றை உப்பிக்கொண்டான். லாயத்தில் பார்த்த அதே உப்பல்! மந்திரி சிரிப்பை அடக்கிக்கொண்டு கட்டினான்.

தளவாய் மூச்சை விட்டான். "பாருங்கள் மகாராஜா, தொளதொள!"

ராஜாவின் புருவம் ஏறியது. வாசலில் பொன்னன் முகம் வெளுத்தது.

மந்திரி வாரின் மறுநுனியை ஒரு இழு இழுத்தான். சரக்! தளவாய் திமிறினான். பல் கவ்வியது, வார் அசையவில்லை.

"தளவாயாரே, அந்த ஆனை கதையைக் கொஞ்சம் சொல்லுங்களேன்."

அந்தக் கதையென்றால் அவனால் சும்மா இருக்க முடியுமா? "அது பெரிய கொம்பன்..." என்றான். மூச்சு போனது. சரக்! "நான் தந்தத்தைப் பிடித்து..." சரக்! "பிடி..." சரக்! குரல் மூஞ்சூறு மாதிரி ஆகிவிட்டது. ராஜா சிம்மாசனத்தில் விழுந்து விழுந்து சிரித்தான்.

"விடு... விடு..."

"விடுகிறேன். ராஜா ஏறிய பிறகு வாரை இறுக்கக் கூடாது என்று சொன்னது யார்?"

"நான்..."

"அப்போது பொன்னன் மேல்?"

"குற்றம்... இல்லை!"

மந்திரி ஒரு விரலால் பல்லைத் தூக்கினான். வார் அவிழ்ந்து விழுந்தது.

"கொண்டு வா குதிரையை!" என்று குதித்து இறங்கினான் ராஜா.

அதே தேர்வீதி. குதிரை உப்பியது, ராஜா ஏறினான், குதிரை 'புஸ்ஸ்' என்றது.

"ராஜா தன் கையால் வார் இழுப்பதா? மரியாதை..." என்று முனகினான் தளவாய்.

"நான் தலைகீழாகத் தொங்கினபோது உன் மரியாதையா வந்து தாங்கிப் பிடித்தது?" என்றான் ராஜா. குனிந்தான், இழுத்தான். சரக்! குதிரை திரும்பி அவனைப் பார்த்த பார்வையைப் பார்க்க வேண்டுமே! மோர்க்காரி எதற்கும் இருக்கட்டும் என்று பானையை மூடிவைத்தாள். ராஜா காற்றாய்ப் பறந்தான். கிரீடம் கூட ஆடவில்லை. ஊர் கூரை பறக்கக் கத்தியது.

அன்றைக்குச் சிரிப்பு முதலில் வந்ததால் சொக்கப்பனுக்கு ஒரு கிராமம், கொல்லனுக்குத் தங்கக் காப்பு. பொன்னன் லாயத்துக்கே தலைவனானான். தினம் காலையில் அவன் சொல்லச் சொல்லக் குதிரைக்கு வார் கட்டுவது தளவாயின் வேலை.

அதற்குப் பிறகு சபையில் தளவாய் "ஒருநாள் ஒரு ஆனை..." என்று ஆரம்பித்தால் போதும், ராஜா வாயாலேயே "சரக்" என்பான். தளவாயின் வயிறு தானாக உள்ளே போய்விடும். ஆனைக் கதை நின்றுபோனதால் சபை சீக்கிரம் கலைந்து, அந்தச் சீமையில் எல்லாரும் சூடு ஆறாமல் சாப்பிட்டுச் சுகமாக இருந்தார்கள்.