மூன்று கை வைத்த உடுப்பு

படித்துக்கொண்டே விடையை யோசித்து வையுங்கள். முடிவில் இந்தக் கதை உங்களிடம்தான் வந்து நிற்கும்.

ஜப்பானிலிருந்து வந்த ஹருக்கோ அம்மா திருப்பூரில் சின்னதாக ஒரு தையல்கூடம் தொடங்கினார். வேலை ஒருத்திக்குத்தான். கேட்டு வந்ததோ சுகந்தி, நஸ்ரின், கோகிலவாணி என்று மூன்று பேர். கோகிலவாணி குழந்தையோடு வருகிறாள் என்றுதான் பழைய கம்பெனியில் வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். இதுவும் இல்லையென்றால் அண்ணன் வீட்டில் போய்த்தான் நிற்க வேண்டும். அதனால் குழந்தை மிதுனாவை வெளியே டீக்கடை அக்காவிடம் விட்டுவிட்டு, அவள் இருப்பதையே சொல்லாமல் உள்ளே போனாள்.

ஹருக்கோ ஒரு பெட்டியைத் திறந்ததும் மூவரும் திகைத்துப்போனார்கள். தரையைத் தொடும் கறுப்பு உடுப்பு, ஒரே மாதிரி மூன்று. இடுப்பில் குடம் வைத்ததுபோல் ஒரு புடைப்பு, உள்ளே வெறுமை. அங்கேயே மூன்றாவதாக ஒரு கை.

"ஏனுங்க, இது மனுசி போடற துணிங்களா?" என்றாள் சுகந்தி.

மேனேஜர் தண்டபாணி, ஹருக்கோ சொன்னதைத் தமிழில் சொன்னார். "இது சிலையாமா. உடம்புக்கும் துணிக்கும் நடுவுல இருக்கற காலி இடந்தான் சிலை. ஆளுக்கொண்ணு தர்றாங்க, போட்டு நடந்து காட்டோணும். ஆனா கழட்டித் தரும்போது அந்த இடம் குடுத்தபடியே இருக்கோணும்."

"காலி இடத்தை எப்பிடிங்க திருப்பித் தர்றது?"

"எனக்கென்ன தெரியும் அம்மிணி. சொன்னதைச் சொன்னேன்."

சுகந்தி புடைப்புக்குள் பனியன் வெட்டுத்துணியைத் திணித்து, வாயைத் தைத்து மூடினாள். புடைப்பு கம்பீரமாக நின்றது. நஸ்ரின் கத்தரியை எடுத்தாள். மூன்றாவது கை கீழே விழுந்தது. ஹருக்கோ வாயைப் பொத்திக்கொண்டார். நஸ்ரின் புடைப்பையும் பிடித்துத் தைத்துவிட்டு, "இப்பப் பாருங்க மேடம், கல்யாணத்துக்கே போட்டுட்டுப் போலாம்" என்றாள்.

கோகிலவாணி ஒன்றும் செய்யவில்லை. அப்படியே போட்டு நடந்தாள். துணி தொங்கிப்போயிருந்தது.

"நனைஞ்ச குடையாட்டம் இருக்குது புள்ள" என்று சுகந்தி சிரித்தாள்.

அப்போதுதான் மிதுனா அக்காவிடமிருந்து தப்பி ஓடிவந்தாள். நேரே உடுப்புக்குள் புகுந்தாள். பழக்கதோஷத்தில் கோகிலவாணியும் துணிக்குள்ளேயே அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டாள். புடைப்பு நிரம்பியது. மூன்றாவது கையிலிருந்து பிஸ்கட்டோடு ஒரு குட்டிக் கை நீண்டது.

 

"உனக்குக் குழந்தை இருக்குதா?" என்றார் தண்டபாணி.

"மறைச்சது தப்புத்தானுங்க, மன்னிச்சுக்கோங்க" என்று அவள் பிள்ளையை இறக்கிவிட்டு, உடுப்பைக் கழற்றி நீட்டினாள். துணி பழையபடி தொங்கியது.

"ரெண்டு பேராப் போட்டு நடந்தா அது போட்டியாகுமுங்களா? அதுவும் மறைச்சு வெச்சு வந்தவ" என்றாள் சுகந்தி.

இப்போது சொல்லுங்கள். சிலையை நிமிர்த்தி நிறுத்திய சுகந்தி, ஊர் உடுத்தும்படி ஆக்கிய நஸ்ரின், குழந்தையை மறைத்த கோகிலவாணி. வேலை யாருக்குப் போக வேண்டும்?

விடை: கோகிலவாணிக்கு. சுகந்தி இடத்தை அடைத்துத் தைத்துவிட்டாள், இனி வேறெதுவும் அதற்குள் வர முடியாது. நஸ்ரின் இடத்தையே இல்லாமல் செய்துவிட்டாள். குழந்தை வந்தது, போனது; இடம் அப்படியே இருந்தது. மறைத்தது தப்புதான், அதற்கு அவள் மன்னிப்பும் கேட்டாள். ஆனால் ஹருக்கோ கேட்டதைத் திருப்பிக் கொடுத்தவள் அவள் ஒருத்திதான். "நாளைக்கு நீயும் புள்ளையும் ரெண்டு பேரும் வரோணுமாமா" என்று தண்டபாணி இருமுறை சொன்னார். அவளுக்கு அது காதில் ஏறவே நேரமாயிற்று. ரோட்டுக்கு வந்து கால் சுட்ட பிறகுதான் செருப்பை உள்ளேயே விட்டது தெரிந்தது.