ஷீட்டுக்குக் கீழே யாரும் நிற்கக் கூடாது

கோயம்புத்தூருக்கு வெளியே பூங்குயில் அப்பார்ட்மென்ட் என்று ஒன்று இருந்தது. அங்கே குடியிருப்பவர்கள் தங்கமான மனிதர்கள். ஒன்றைச் சொன்னால் சொன்னபடியே செய்வார்கள். வந்த வினையே அதுதான்.

கட்டடத்தின் முகப்பு முழுக்க பில்டர் பளபளவென்று ஷீட் ஒட்டிக் கொடுத்திருந்தார். ஒரு பொறி பட்டால் மொத்தமும் பற்றிக்கொள்ளும் ரகம் அது என்று பின்னால்தான் தெரிந்தது. போதாததற்கு, வாசலுக்கு நேர் மேலே ஒரு ஷீட் கழன்று ஆடிக்கொண்டிருந்தது. பில்டர் கைவிரித்துவிட்டார். சங்கத் தலைவர் தண்டபாணியும் செயலாளர் சாந்தலட்சுமியும் வக்கீல் மரகதவல்லியைக் கூட்டிவந்து காட்டினார்கள்.

வக்கீல் அண்ணாந்து பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை கோர்ட்ல இருந்து கமிஷனர் வந்து பார்ப்பார். அவர் ரிப்போர்ட் கொடுத்தா, பில்டர் தன் செலவுல அத்தனையும் மாத்தியாகணும். அதுவரைக்கும் ஷீட் இப்ப இருக்கிற மாதிரியே இருக்கட்டும். முக்கியமா, அதுக்குக் கீழ யாரையும் நிக்க விடாதீங்க."

மறுநாள் காற்று ஓய்ந்தது. ஷீட்டும் ஆட்டத்தை நிறுத்தியது. சாந்தலட்சுமி தண்டபாணியிடம் ஓடினார்.

"ஏனுங்க, வக்கீலம்மா பாத்தப்ப ஆடிட்டு இருந்துச்சுங்களே?"

"அய்யோ, கேஸ் போச்சுங்களே!" என்றார் தண்டபாணி.

இரண்டாம் மாடி ஜன்னலில் டேபிள் ஃபேனை வைத்து ஷீட்டை ஆட வைத்த பிறகுதான் அவருக்குக் காபி தொண்டையில் இறங்கியது.

அடுத்தது ஆள் நிற்காமல் பார்த்துக்கொள்ளும் வேலை. வாட்ச்மேன் மாரப்பனை ஷீட்டுக்கு நேர் கீழே நிறுத்தினார்கள். வருகிறவர்களையெல்லாம் "இங்க நிக்காதீங்க" என்று அவர் விரட்டினார். மனுஷன் நன்றாகத்தான் விரட்டினார்.

"அப்ப மாரப்பன்கிட்ட யாருங்க சொல்றது?" என்றார் சாந்தலட்சுமி.

நியாயமான கேள்வி. தண்டபாணி போய்ப் பக்கத்தில் நின்று, "மாரப்பா, இங்க நிக்காதே" என்றார்.

"தலைவர் நிக்கச் சொல்லியிருக்காருங்க" என்றார் மாரப்பன்.

தலைவர் பேச்சைத் தலைவரே மீற முடியுமா? அவரும் நின்றார். அவரை எச்சரிக்க சாந்தலட்சுமி வந்தார். சாந்தலட்சுமியை எச்சரிக்க முதல் மாடி வந்தது, அதை எச்சரிக்க இரண்டாம் மாடி வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் மொத்த அப்பார்ட்மென்ட்டும் ஷீட்டுக்குக் கீழே நின்று ஒருவரையொருவர் எச்சரித்துக்கொண்டிருந்தது.

கமிஷனர் ஆட்டோவிலிருந்து இறங்கி வாசலை நோக்கி வந்தார்.

"வராதீங்க!" என்று அத்தனை பேரும் அலறினார்கள்.

"நான் கோர்ட் கமிஷனருங்க."

"யாரா இருந்தா என்னங்க? உசுரு உசுருதானுங்களே!"

"வேற வாசல் இருக்கா?"

"இல்லீங்க. இதொண்ணுதானுங்க."

அவர் ஓரமாக நுழையப் பார்த்தார். எல்லோரும் கைகோத்து மறித்தார்கள். "உள்ள விட மறுத்துட்டாங்கன்னே ரிப்போர்ட் கொடுக்கிறேன்" என்று கத்திவிட்டு அவர் வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போனார்.

சற்று நேரத்தில் வக்கீல் போன் செய்தார். "கமிஷனர் வந்தாரா?"

"வந்தாருங்க. ஒரு கீறல் இல்லாம காப்பாத்தி அனுப்பிப் போட்டமுங்க" என்றார் தண்டபாணி. "நாளைக்கு ஜட்ஜய்யாவே வந்தாலும் எங்க உசுரைக் குடுத்தாவது காப்பாத்திருவமுங்க. நீங்க தெகிரியமா கூட்டிட்டு வாங்க."